கிரகணம் பார்த்த காசு
(ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் "சர்க்காரும் அடிப்படை ஆராய்ச்சியும்" என்பதாகத் துண்டு நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்த தோழர் ஒருவர், வரும் வழியில் நம்மை நிறுத்தி, "இதெல்லாம் காலேஜில் பேச வேண்டிய சங்கதியல்லவா? சந்தைப்பேட்டை மைதானத்தில் எதற்கு?" என்று கேட்டார். காலேஜில் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். ஆனால் ஆராய்ச்சிக்குச் செலவாகிற பணம் காலேஜுக்காரர் வீட்டுப் பணமல்ல. சோப்புக்கும் செருப்புக்கும் சேர்த்து வரி கட்டுகிற உங்கள் பணம். பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்க வேண்டுமா வேண்டாமா? ஆகவேதான் சந்தைப்பேட்டையில் பேசுகிறோம். நாம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் சொல்லப்போகிறோம். பிசகு இருந்தால் படித்த தோழர்கள் எழுந்து திருத்தலாம், கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அடிப்படை ஆராய்ச்சி என்றால் என்ன? பயிருக்கு வந்த பூச்சிக்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு ஆராய்ச்சி. அதன் பலன் எல்லாருக்கும் தெரியும், அதற்குப் பணம் கொடுப்பதற்கும் ஆள் இருக்கும். பூச்சி ஏன் ஆறு காலோடு இருக்கிறது, சூரியன் எதனால் எரிகிறது என்று, தெரிந்துகொள்வதற்காகவே தெரிந்துகொள்ள முயல்வது மற்றொன்று. இதனால் இன்னாருக்கு இன்ன லாபம் என்று ஆரம்பத்தில் சொல்ல முடியாது. ஆகையால் வியாபாரி பணம் போட மாட்டான். அவன்மேல் நமக்குக் கோபமில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகோ நூறு வருஷத்துக்குப் பிறகோ, எந்த ஊரில் யாருக்கு வரும் என்று தெரியாத லாபத்துக்கு எந்தச் செட்டியார் முதல் போடுவார்? அப்படியானால் யார்தான் போடுவது? நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. புராணக் கதையல்ல, தேதியோடு நடந்த கதை. நம் பழைய சென்னை ராஜதானியிலேயே நடந்தது.

1868 ஆகஸ்ட் 18ந் தேதி குண்டூரில் பூரண சூரிய கிரகணம். சூரியன் முழுக்க மறைந்திருந்தது சுமார் ஆறு நிமிஷம். அன்று நம் ஜனங்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் செய்கிறதைத்தான் அன்றைக்கும் செய்திருப்பார்கள். சட்டியைக் கவிழ்த்து, தர்ப்பையைப் போட்டு, கர்ப்பிணியை இருட்டறையில் அடைத்து, பாம்பு சூரியனை உமிழட்டும் என்று காத்திருப்பார்கள். அதே ஊரில், அதே ஆறு நிமிஷத்துக்காக, பிரெஞ்சு சர்க்காரின் உதவியோடு ழான்ஸன் என்பவர் கப்பலேறி வந்து கருவியோடு உட்கார்ந்திருந்தார். வெளிச்சத்தைப் பல நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் கருவி அது. இங்கிலீஷ்காரரான டென்னன்ட் என்பவரும் ஒரு கோஷ்டியோடு அங்கேயே இருந்தார். சென்னை வான சாஸ்திர நிலையத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டணத்தில் இருந்தார். அந்த நிலையத்தில் வேலை பார்த்த நம் நாட்டவரான ரகுநாதாச்சாரி என்பவர் வனபர்த்திக்குப் போனார். இந்த ரகுநாதாச்சாரி அதற்கு முந்திய 1867ஆம் வருஷமே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பிற்பாடு 1874இல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடந்தபோது, அது என்னவென்று ஜனங்களுக்கு விளங்கும்படி தேச பாஷைகளில் புத்தகம் போட்டவர். பாம்பை நம்பிய ஊரிலேயே கணக்கை நம்பியவரும் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ழான்ஸன் என்ன கண்டார்? சூரியனின் விளிம்பில் ஜ்வாலைபோல் எழுந்த பாகத்திலிருந்து பிரகாசமான கோடுகளைக் கண்டார். கோடுகள் இவ்வளவு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று தோன்றி, மறுநாளே பார்த்தும் விட்டார். இங்கிலாந்தில் லாக்கியர் என்பவரும் தனியே அதே வழியைக் கண்டு, அதே வருஷம் அக்டோபரில் பார்த்தார். அந்தக் கோடுகளில் மஞ்சளாக ஒன்று இருந்தது. சோடியத்தின் கோடு என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் சோடியத்தின் கோடு இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. சற்றுத் தள்ளி இருந்தது. பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் அந்த இடத்தில் கோடில்லை. ஆகவே இது புதுப் பொருள் என்று லாக்கியர் சொல்லி, சூரியனின் கிரேக்கப் பெயரைக் கொண்டு "ஹீலியம்" என்று பேரும் வைத்தார்.

வைத்த பேரை 27 வருஷம் சந்தேகித்தவர்கள் அநேகர். 1895இல் ராம்சே என்ற ரசாயன சாஸ்திரி, பூமியிலுள்ள ஒரு யுரேனியக் கல்லிலிருந்தே அந்த வாயுவைப் பிடித்துக் காட்டினார். 1908இல் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் அதைக் குளிர வைத்துத் திரவமாக்கினார். அந்தக் குளிரில் பாதரசத்தை வைத்து 1911இல் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தபோது தடையே இல்லாமல் ஓடிற்று. இவ்வளவும் யாருக்குப் பிரயோஜனம்? அன்று கேட்டிருந்தால் ஒருவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. என்று ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து, கத்தி படாமல் மூளையையும் முதுகுத் தண்டையும் படமெடுக்கிறார்களே, அந்த யந்திரத்தின் காந்தச் சுருளில் மின்சாரம் தடையில்லாமல் ஓடுவது திரவ ஹீலியத்தின் குளிரில்தான்.

சென்ற வருஷம் நம் வீட்டு அம்மாளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை மரத்துப்போய், நான்கு மாதம் யார் யாரிடமோ எண்ணெய் போட்டு நீவி, ஒருவர் சொன்னாரென்று தாயத்தும் கட்டி (நம் வீட்டிலேயே நமக்குத் தெரியாமல் இது நடந்தது, வெட்கத்தோடு சொல்லுகிறோம்) கடைசியில் அந்தக் குழாய்க்குள் படுத்தபோதுதான், முதுகெலும்புக்கு நடுவிலுள்ள சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. கிரகணத்தன்று இருட்டறையில் பட்டினி கிடந்தவர்களின் பேத்திக்கு, அன்று வெளியே நின்று பார்த்தவர்கள் தேடிவைத்த சொத்து உதவிற்று.

நிற்க. இதில் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய விஷயம். ழான்ஸனுக்கு வந்ததைச் சொன்னோம். லாக்கியர் சங்கதி இன்னும் விசேஷம். அவர் காலேஜ் பண்டிதரல்ல. லண்டனில் யுத்த இலாகாவில் குமாஸ்தா. ஆபீஸ் வேலை முடிந்து வீட்டில் தூரதிருஷ்டிக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர். அவருடைய கருவிக்குப் பணம் எப்படிக் கிடைத்தது? பிரிட்டிஷ் சர்க்கார் அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 1,000 பவுனை ராயல் சொஸைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தின் கையில் கொடுத்து, யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருந்தது. சங்கத்தார் ஒரு குமாஸ்தாவின் யோசனையைப் பார்த்து, இதில் சரக்கிருக்கிறது என்று கொடுத்தார்கள். மந்திரி சிபாரிசு செய்யவில்லை. இன்ன தேதிக்குள் இன்ன லாபம் காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் சர்க்காருடையது, தீர்ப்பு விஷயம் தெரிந்தவர்களுடையது. ராஜாங்கம் ஆராய்ச்சியை ஆதரிக்க வேண்டிய முறையைப்பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. இதைவிட மேலான முறை ஒன்றை அவற்றில் நாம் காணவில்லை.

அந்த லாக்கியரே பிறகு "நேச்சர்" பத்திரிகையை 1869இல் ஆரம்பித்தார். விஞ்ஞானக் கல்வியையும் ஆராய்ச்சியையும் சர்க்கார் எவ்வாறு வளர்ப்பது என்பதை விசாரிக்க, டெவன்ஷயர் பிரபுவின் தலைமையில் 1870இல் கமிஷன் ஒன்று போட்டார்கள். அதற்குக் காரியதரிசியும் லாக்கியர்தான். விஞ்ஞானத்துக்கு மந்திரி வேண்டும், ஆலோசனைச் சபை வேண்டும் என்று அந்தக் கமிஷன் 1875இல் சொல்லிற்று. சர்க்கார் கேட்டுக்கொண்டு சும்மாயிருந்தது. எல்லா சர்க்காரும் எல்லாக் காலத்திலும் கமிஷன்களைப் போடுவதில் தாராளமாகத்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "வயிற்றுக்குச் சோறில்லாத நாட்டில் நட்சத்திரம் பார்க்கப் பணம் எதற்கு? அந்தப் பணத்தில் கிணறு வெட்டலாமே?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதைக் கேட்காதவர் நம் கூட்டத்துக்கு வந்தே பிரயோஜனமில்லை. கிணறு வெட்டத்தான் வேண்டும். கிணற்றைத் தூர்த்துவிட்டு ஆராய்ச்சி செய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து. மழை எங்கிருந்து வருகிறது? எந்த வருஷம் பொய்க்கும்? சோறில்லாதவன்தான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

1876 முதல் 1878 வரை நம் ராஜதானியில் அடித்த பஞ்சத்தைப்பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் இருப்பீர்கள். தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். பல லட்சம் ஜனங்கள் செத்தார்கள். அந்தச் சமயத்தில் சூரியனிலுள்ள கரும்புள்ளி கூடிக் குறைவதற்கும் இங்கே மழை கூடிக் குறைவதற்கும் சம்பந்தமுண்டு என்று லாக்கியரும் ஹண்டர் என்பவரும் 1877இல் எழுதினார்கள். பஞ்சக் கமிஷனும், சூரியனை ஒழுங்காகத் தினந்தோறும் கவனிக்க வேண்டுமென்று சொல்லிற்று. அதன் பலனாக ஏற்பட்டதுதான் கொடைக்கானல் மலைமேலுள்ள சூரிய ஆராய்ச்சி நிலையம். 1899இல் ஏற்பட்டது. கொடைக்கானலுக்குப் போகிற தோழர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அடுத்த தடவை இதையும் பார்த்து வாருங்கள்.

என்ன ஆயிற்று? உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்ல முடியவில்லை. எந்த உத்தேசத்துக்காக நிலையம் ஏற்பட்டதோ அந்த உத்தேசம் பலிக்கவில்லை. இதைக் கண்டு சீட்டெழுதிய தோழர் சந்தோஷப்பட வேண்டாம், மேலே கேட்கட்டும். எவர்ஷெட் என்பவர் 1909இல் அங்கேயிருந்து பார்த்து, கரும்புள்ளியின் ஓரத்தில் வாயுவானது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகத்துப் புத்தகங்களிலெல்லாம் அது இன்றும் அவர் பேராலேயே இருக்கிறது. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சூரியனின் ஜாதகம் அங்கே இருக்கிறது என்று சொல்லலாம். இந்த ஒரு ஜாதகத்தைத்தான் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். வெள்ளைக்காரன் போய், பலவித சர்க்கார்கள் மாறி, இரண்டு மகாயுத்தமும் நடந்து, அவ்வளவுக்கும் அந்த வேலை கைவிடப்படவில்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு. நடுவில் இருபது வருஷம் பணமில்லை என்று மூடியிருந்தால், அந்த இருபது வருஷத்துச் சூரியனைப் பிறகு எத்தனை கோடி கொடுத்தாலும் வாங்க முடியாது.

மழைச் சங்கதி அதோடு போய்விட்டதா? இல்லை. 1904இல் வானிலை இலாகாவுக்கு வாக்கர் என்ற கணித சாஸ்திரி தலைவராக வந்தார். அவர் கரும்புள்ளியை நம்பிக்கொண்டிருக்கவில்லை. உலகத்தில் எங்கெங்கே காற்றின் அழுத்தம், மழை, உஷ்ணம் ஆகியவற்றின் குறிப்புகள் உண்டோ அவ்வளவையும் சேர்த்து, குமாஸ்தாக்களை வைத்து வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டார். பசிபிக் சமுத்திரத்தின் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்து மகாசமுத்திரத்தின் பக்கம் இறங்குவதும், இங்கே ஏறினால் அங்கே இறங்குவதுமாக, தராசுத் தட்டுபோல் ஆடுவதைக் கண்டார். 1924இல் அதற்குத் தெற்கு ஊசலாட்டம் என்று பேர் வைத்தார். இதனால் மழையை உடனே சொல்ல முடிந்ததா என்றால் அப்போதும் முடியவில்லை. 1969இல்தான் பியெர்க்னஸ் என்பவர், வாக்கர் கண்ட ஊசலாட்டமும் பசிபிக் சமுத்திரத்து நீர் சூடாகும் எல் நினோவும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று விளக்கினார். இன்று ரேடியோவிலும் பத்திரிகையிலும் "இந்த வருஷம் எல் நினோ, தென்மேற்குப் பருவமழை குறையலாம்" என்று சொல்லக் கேட்டு விதை வாங்குவதைத் தள்ளிப்போடுகிறீர்களே, அது எங்கிருந்து வந்ததென்று இப்போது தெரிகிறதா? பஞ்சாங்கத்தில் எத்தனை மரக்கால் மழை என்று போட்டவர் அந்தத் தாது வருஷத்திலும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இந்த வாக்கர் பேரைச் சொன்னவுடன் இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைத் துறைமுக ஆபீசுக்கு வந்திருந்தபோது, அங்கே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். அந்தக் குமாஸ்தா ராமானுஜன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் காலேஜ் படிப்பைத் தொலைத்தவர். வாக்கர் பார்த்துவிட்டு, இவருக்குக் கவலையில்லாமல் கணக்குப் போட வசதி செய்ய வேண்டுமென்று சர்வகலாசாலைக்கு எழுதினார். பட்டம் இல்லாதவரென்றிருந்தும், சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தது. கேட்டது ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்ன செய்தாய் என்று எழுதிக் கொடு. 1918இல் அவர் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர்.

நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்கைச் சொல்லிக்கொடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இருக்கட்டும், கனவு அவருடைய சொந்த விஷயம். தாயார் கணக்கைக் கொடுத்ததாகவே வைத்துக்கொண்டாலும், 75 ரூபாயைக் கொடுத்தது யார் என்று கேட்கிறோம். கனவு அதற்கு முன்பும்தான் வந்துகொண்டிருந்தது. அப்போதெல்லாம் அவர் காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் கேட்டு, சர்க்கார் தலையிட்டால் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். ரஷியாவில் வாவிலோவ் என்று ஒரு பயிர் சாஸ்திரி இருந்தார். உலகமெல்லாம் சுற்றி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட விதை மாதிரிகளை லெனின்கிராடில் சேர்த்தவர். அந்த சர்க்கார் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதில் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஆனால் லிசெங்கோ என்பவர் மேலிடத்துக்குப் பிடித்த வார்த்தையைப் பேசி, மரபுக் கூறு என்பதே பொய் என்றார். மேலிடம் அதைச் சித்தாந்தமாக எடுத்துக்கொண்டது. வாவிலோவை 1940இல் பிடித்தார்கள். 1943இல் சிறையிலேயே செத்தார். ஜெர்மானியர் முற்றுகையில் லெனின்கிராட் பட்டினி கிடந்தபோது, அவருடைய நிலையத்து ஊழியர்களில் சிலர், கைக்கெட்டிய விதை நெல்லைத் தின்னாமல் காத்துப் பசியால் மாண்டார்கள். 1948இல் மரபியலையே தடை செய்தார்கள். லிசெங்கோவின் ஆட்டம் 1960களின் நடுவில்தான் ஓய்ந்தது. சுருதி சொன்னால் சரி என்பதற்கும் சர்க்கார் சொன்னால் சரி என்பதற்கும் என்ன வித்தியாசம்? பணம் கொடுத்தவன் விடையையும் நானே சொல்லுவேன் என்றால், அது ஆராய்ச்சியல்ல, அர்ச்சனை.

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2020–21இல் இந்த நாடு, சர்க்காரும் கம்பெனிகளும் எல்லாம் சேர்ந்து, எல்லாவித ஆராய்ச்சிக்கும் செலவழித்தது தேச வருமானத்தில் நூற்றுக்கு 0.64. அதாவது நூறு ரூபாய் சம்பாதித்தால் அறுபத்துநாலு காசு. தென் கொரியாவில் நாலு ரூபாய்க்கு மேல். 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று எழுதினார்கள். நல்லது. பிரஜைக்குக் கடமை, சர்க்காருக்கு அறுபத்துநாலு காசு.

2023இல் ஆராய்ச்சிக்கென்று தேசிய நிறுவனம் ஒன்றைச் சட்டம் போட்டு ஏற்படுத்தினார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே பார்த்தால் அதில் 36,000 கோடி கம்பெனிகள் முதலான வெளியாரிடமிருந்து வர வேண்டியது. லாபம் தெரியாத காரியத்துக்கு முதலாளி பணம் போட மாட்டான் என்பதனால்தானே சர்க்காரைக் கேட்கிறோம்? அந்த சர்க்கார் மறுபடியும் முதலாளியைக் கைகாட்டினால், சுற்றி வந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். 2025 ஜூலையில் இன்னொரு திட்டம் ஒப்புக்கொண்டார்கள். ஒரு லட்சம் கோடி! தனியார் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டிக்கோ, வட்டியில்லாமலோ நீண்டகாலக் கடன். சாமான் செய்து விற்கிறவனுக்கு இது உதவலாம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கிரகணம் பார்க்கப் போகிறவன் கடன் வாங்கினால் அசலை எங்கிருந்து கட்டுவான்? ஹீலியத்திலிருந்தா? அவன் செத்து எழுபது வருஷமாகும்.

தொகை ஒரு பக்கம் இருக்கட்டும். அது நாளுக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன். பேர் சொல்ல வேண்டாம். வண்டுகளின் கண்ணைப்பற்றி ஆராய்ச்சி செய்கிறான். ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று விதி. விதியில் இருக்கிறது. அவனுக்கு ஒரு சமயம் ஏழு மாதம் வரவில்லை. எழுதிக் கேட்டால் காகிதம் நகருகிறது என்றார்கள். தகப்பனார் தறியை அடகு வைத்து அவனுக்கு விடுதிக் கட்டணம் அனுப்பினார். ஏழு மாதமும் சேர்ந்து ஒரே நாளில் வந்தது. ஆனால் அதற்குள் அவனோடு சேர்ந்த இரண்டு பேர், ஒருவன் பாங்கி வேலைக்கும் மற்றவன் மருந்துக் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. வசதியுள்ளவன் வீட்டுப் பிள்ளைக்கு ஏழு மாதம் ஒரு தொந்தரவு, தறிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது வாசற்கதவு. பணத்தை நாள் தவறிக் கொடுக்கிற முறை, ஆராய்ச்சி யாருக்கு உரியது என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம் ரோடு கேளுங்கள், தண்ணீர் கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள். எங்கள் வரிப்பணத்தில் அடிப்படை ஆராய்ச்சிக்கு எவ்வளவு? வருஷா வருஷம் தவறாமல் வருமா, ஆள் மாறினால் நின்றுவிடுமா? யாருக்கென்று தீர்மானிப்பது விஞ்ஞானிகளா, உங்கள் கட்சிக்காரரா? நம்மூர்ப் பையனுக்கு மாதம் முதல் தேதி சம்பளம் போய்ச் சேருமா? இந்தக் கேள்விகளைக் கேட்க எட்டாம் வகுப்பே ஏராளம்.

மணி பத்தாகிறது, கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் கைகாட்டுகிறார்கள். ஒரு அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளுகிறோம். 2027 ஆகஸ்ட் 2ந் தேதி சூரிய கிரகணம். எகிப்து முதலிய தேசங்களில் பூரணம், நம் நாட்டில் மாலையில் ஒரு பாகம் மட்டும் மறையும். அன்று மாலை இதே மைதானத்தில், வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாதாகையால், அதற்குரிய கண்ணாடிகளோடு எல்லாரும் பார்க்க ஏற்பாடு செய்யப்படும். அந்த வண்டுக்கண் பையனையும் வந்து பேசச் சொல்லியிருக்கிறோம். கர்ப்பிணித் தாய்மார்கள் அவசியம் வரவேண்டும், நாற்காலி போடப்படும். கிரகணம் நடக்கிறபோதே சுண்டலும் காப்பியும் கொடுக்கப்படும். செலவுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுக்க விரும்புகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் உண்டியல் வைத்திருக்கும் தோழரிடம் கொடுக்கலாம். கணக்கு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும்.